எடுத்தலும் விடுத்தலும்: ரம்மி ஆட்டத்தின் தோற்றமும் முறையும்



இலக்கிய மேடையில் சீட்டாட்டம் பற்றி ஓர் உரையா என்னும் ஐயம் அவையோர் சிலருக்கு எழக்கூடும். அந்த ஐயத்தைத் தீர்க்க வள்ளுவரே துணை நிற்கிறார். திருக்குறளின் 94ஆம் அதிகாரம் 'சூது' என்பதாகும். அவ்வதிகாரத்தில் 'கழகம்' என்னும் சொல் இருமுறை வருகிறது. சூதாடும் இடம் என்பதே ஆங்கு அதன் பொருள். கம்பரின் காப்பியத்திலோ அதே சொல் கலை பயிலும் இடத்தைக் குறிக்கிறது. தஞ்சையில் 1981ஆம் ஆண்டு தமிழுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் எழுந்தபோது, வள்ளுவர் கடிந்த களத்தின் பெயரே கல்விக்கூடத்தின் பெயருள் இடம்பெற்றது.

ஆடும் இடத்துக்கும் கற்கும் இடத்துக்கும் ஒரே பெயர் வழங்கியமை எண்ணிப் பார்க்கத்தக்கது. இரண்டிலும் பலர் கூடுகின்றனர். இரண்டிலும் நினைவாற்றலும் கூர்மையும் வேண்டப்படுகின்றன. ஆயின், ஓர் ஆட்டம் எவ்விடத்தில் கலையாக நிற்கிறது, எவ்விடத்தில் சூதாகச் சரிகிறது? தமிழ்நாட்டில் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பிய ஆட்டம் ரம்மியே ஆகும். அதன் பிறப்பையும் முறையையும், காவிரிப் படுகையில் அது வாழ்ந்த வாழ்வையும், அண்மைக் காலத்தில் அதற்கு நேர்ந்ததையும் காண்பது இவ்வுரையின் நோக்கம்.

சொல் தரும் சான்று

'சீட்டு' என்பது தமிழில் பல பொருள் தாங்கும் சொல். எழுதிய சிறு ஓலை நறுக்கும் சீட்டே. தாள் துண்டும் சீட்டே. புலவர் வள்ளலுக்கு விடுத்த பாட்டு சீட்டுக்கவி. பலர் பணம் சேர்த்து முறை வைத்து எடுப்பது ஏலச்சீட்டு. கையில் விசிறிபோல் விரித்து ஆடுவது சீட்டாட்டம்.

சீட்டின் நான்கு இனங்களுக்குத் தமிழர் வழங்கும் பெயர்கள் இன்னும் சுவையானவை. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்பன அவை. இவை ஆங்கிலத்திலிருந்து வந்தவை என்றே பலரும் எண்ணுவர். ஆனால் ஆங்கிலத்தில் நான்காம் இனத்தின் பெயர் 'கிளப்ஸ்'. அச்சொல் எவ்வகையில் திரிந்தாலும் 'கிளாவர்' ஆகாது. டச்சு மொழியில் அவ்வினத்தின் பெயர் 'கிளாவர்' என்பதே. மூவிலைப் புல்லைக் குறிக்கும் சொல் அது. நெஞ்சுருவம் பொறித்த இனத்தை டச்சுக்காரர் 'ஹார்ட்டன்' என்பர். நம்மவர் நாவில் வழங்கும் 'ஆட்டின்' என்பதற்கு ஆங்கிலத்தின் 'ஹார்ட்ஸ்' என்பதைவிட இதுவே நெருக்கமானது. ஒற்றைப் புள்ளிச் சீட்டை ஆங்கிலேயர் 'ஏஸ்' என்றனர். டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் 'ஆஸ்' என்றனர். தமிழில் 'ஆஸ்', 'ஆசு' என்னும் வழக்குகள் உள்ளன. மலையாளத்திலும் 'கிளாவர்' என்னும் பெயர் உண்டு. சிங்களத்தில் சீட்டினங்களின் பெயர்கள் டச்சுச் சொற்களின் திரிபுகளே.

இவ்விடத்தில் காவிரிப் படுகையின் கடற்கரை நினைவுக்கு வருதல் வேண்டும். நாகப்பட்டினத்தை 1658ஆம் ஆண்டு போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றினர். 1781இல் ஆங்கிலேயரிடம் இழக்கும் வரை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் அத்துறைமுகம் அவர்கள் வசமிருந்தது. கப்பலில் வந்த மாலுமியும் பண்டகசாலைக் கணக்கனும் சீட்டுக்கட்டைக் கொணர்ந்திருப்பர் எனவும், ஆங்கிலேயரின் மன்றங்கள் தோன்றுவதற்கு முன்பே சீட்டின் பெயர்கள் கரையேறிவிட்டன எனவும் கருத இடமுண்டு. கல்வெட்டு இல்லாத இடத்தில் சொல்லே கல்வெட்டாகிறது.

தோற்றம்

விளையாட்டுச் சீட்டு சீனத்தில் பிறந்தது என்பது அறிஞர் பலரும் ஒப்பும் கருத்து. தாள் செய்யும் கலையும் அச்சுக் கலையும் முதலில் தழைத்த நாடு அதுவே. மேற்காசியா வழியாகப் பயணம் செய்த சீட்டு, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவை அடைந்தது. 1377ஆம் ஆண்டு இத்தாலியின் பிளாரன்சு நகரம் சீட்டாட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஐரோப்பியச் சீட்டு பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று தடையாணையாக இருப்பது குறிப்பிடத்தக்கது. இன்று வழங்கும் சிவப்பும் கறுப்புமான நான்கு இனங்கள் பிரான்சில் 15ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றவை.

இந்தியாவுக்கு வேறொரு வழியிலும் சீட்டு வந்தது. பாரசீகத்திலிருந்து வந்த 'கஞ்சிஃபா' என்னும் வட்டச் சீட்டு முகலாயர் அவையில் ஆடப்பட்டது. பாபர் தம் நண்பர் ஒருவருக்குக் கஞ்சிஃபா அனுப்பியதை 1527ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுள் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். முகலாயக் கட்டில் 8 இனங்களும் 96 சீட்டுகளும் இருந்தன. மராத்திய நாட்டிலும் ஒரிசாவிலும் அது திருமாலின் பத்து அவதாரங்களைத் தாங்கிய தசாவதாரச் சீட்டாக மாறி, பத்து இனம், 120 சீட்டு என விரிந்தது. காவிரி பாயும் மைசூர் நாட்டில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் 19ஆம் நூற்றாண்டில் புதிய கஞ்சிஃபா ஆட்டங்கள் பலவற்றைத் தாமே வகுத்தார். ஆயினும் கையால் தீட்டிய அச்சீட்டுகள், அச்சில் வந்த மலிவான ஐரோப்பியக் கட்டின் முன் நிற்க இயலாமல் ஒதுங்கின.

ரம்மி இவற்றையெல்லாம் நோக்க மிக இளைய ஆட்டம். மெக்சிகோவிலும் அதனை ஒட்டிய அமெரிக்கப் பகுதிகளிலும் 19ஆம் நூற்றாண்டில் ஆடப்பட்ட 'கான்கியன்' என்னும் ஆட்டமே அதன் முன்னோடி என்பர். 40 சீட்டுகள் கொண்ட ஸ்பானியக் கட்டை வைத்து இருவர் ஆடும் ஆட்டம் அது. ஆட்ட நூல்கள் எழுதிய பாஸ்டர் என்பார் 1897ஆம் ஆண்டு நூலில் அதனை விவரித்துள்ளார். ஒன்றை எடுத்து ஒன்றை விடும் முறை சீன ஆட்டங்களில் முன்பே இருந்தமையால், வேர் சீனத்தில் உண்டு என்று கருதுவோரும் உளர். நியூயார்க்கில் 1909ஆம் ஆண்டு எல்வுட் பேக்கர் என்பவர் வகுத்ததாகச் சொல்லப்படும் 'ஜின் ரம்மி' பத்துச் சீட்டு ஆட்டம். இந்தியாவில் நிலைபெற்றதோ பதின்மூன்று சீட்டு ரம்மி. தாய் ஆட்டம் எங்குப் பிறந்திருப்பினும், இரண்டு கட்டுகளைச் சேர்த்து, ஜோக்கரைப் புகுத்தி, 'ஒரிஜினல்' இன்றி வெற்றி இல்லை என்று விதித்து ஆடும் முறையை இந்நாட்டார் தமக்கென ஆக்கிக்கொண்டனர்.

ஆடும் முறை

இருவர் முதல் அறுவர் வரை ஆடலாம். ஜோக்கர் உட்பட இரண்டு கட்டுச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலைத்து, ஒருவர் வெட்ட, மற்றொருவர் ஆளுக்குப் பதின்மூன்றாக ஒவ்வொன்றாய்ப் போடுவார். பின்னர் ஒரு சீட்டைத் திருப்பி வைப்பர். அது எந்த எண்ணோ அந்த எண்ணுடைய சீட்டுகள் யாவும் அந்த ஆட்டத்துக்கு ஜோக்கர் ஆகும். இன்னொரு சீட்டு திறந்து வைக்கப்படும். எஞ்சியவை கவிழ்த்த கட்டாக நடுவில் இருக்கும்.

முறை வருபவர் கவிழ்த்த கட்டிலிருந்தோ, திறந்த சீட்டிலிருந்தோ ஒன்றை எடுப்பார். தம் கையிலிருந்து ஒன்றைக் கீழே விடுவார். ஆட்டம் முழுவதும் இவ்விரு செயல்களே. கையிலுள்ள பதின்மூன்றையும் சேர்த்து முடிப்பதே குறிக்கோள். சேர்க்கை இருவகைப்படும். ஒரே இனத்தில் மூன்றோ அதற்கு மேலோ தொடர்ந்த எண்கள் அமைவது ரம்மி. எடுத்துக்காட்டாக, இஸ்பேட் 6, 7, 8. ஒரே எண் வெவ்வேறு இனங்களில் மூன்றோ நான்கோ அமைவது செட். முடிப்பவர் கையில் இரண்டு ரம்மியேனும் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று ஜோக்கரின் உதவி பெறாததாய் இருத்தல் வேண்டும். அதுவே 'ஒரிஜினல்'. பிறவற்றில் இல்லாத சீட்டுக்கு ஈடாக ஜோக்கர் நிற்கலாம்.

ஒருவர் முடித்ததும் மற்றவர் கையில் சேராது நிற்கும் சீட்டுகளின் எண்ணிக்கை அவரவர் கணக்கில் ஏறும். ராஜா, ராணி, ஜாக்கி, ஆசு ஒவ்வொன்றுக்கும் 10. ஏனையவற்றுக்கு அவற்றின் எண். ஜோக்கருக்கு ஒன்றும் இல்லை. ஒரிஜினல் இல்லாதவர் கையில் எவ்வளவு சேர்ந்திருப்பினும் எல்லாமே எண்ணப்படும். ஆனால் 80க்கு மேல் போகாது. 101ஐ எட்டியவர் ஆட்டத்திலிருந்து நீங்குவார். கை நன்றாக இல்லை எனக் கண்டவர், முதல் சீட்டை எடுக்கும் முன்பே விலகிக்கொள்ளலாம். 20 மட்டுமே ஏறும். இடையில் விலகினால் 40. தமிழ்நாட்டு ஆட்டக்காரர் இதனை 'ஸ்கூட்' என்பர்.

இவ்வாட்டத்தின் நுட்பம் சிறு கணக்குகளில் உள்ளது. இஸ்பேட் 7, 8 கையில் இருப்பின், 6 வந்தாலும் 9 வந்தாலும் ரம்மி சேரும். இரண்டு கட்டுகளிலும் அவை நான்கு சீட்டுகள். 7, 9 இருப்பின் 8 ஒன்றே வேண்டும். அது இரண்டு சீட்டு மட்டுமே. ஆகவே இடையெண்ணுக்குக் காத்திருப்பது இருமடங்கு கடினம். எதிரே இருப்பவர் ஆட்டின் 5ஐ எடுத்தார் என்றால், ஆட்டின் 4ஐயோ 6ஐயோ அவருக்குக் கீழே விடலாகாது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்தவருக்கே எந்தச் சீட்டு இனி வராது என்பது தெரியும். ஒரே கட்டின் 52 சீட்டுகளிலிருந்து மட்டும் பதின்மூன்று சீட்டுக் கை 63,501 கோடிக்கு மேற்பட்ட வகைகளில் அமையலாம். அவற்றுள் எது வந்து சேரும் என்பது எவர் வசமும் இல்லை. வந்ததை வைத்து எதைக் காப்பது, எதை விடுவது என்பது மட்டுமே ஆடுவோர் வசம் உள்ளது.

திண்ணையும் பருவமும்

1934இல் மேட்டூர் அணை எழுந்த பின், ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறப்பதும் ஜனவரி 28இல் மூடுவதும் மரபாயின. இடைப்பட்ட ஏறத்தாழ நான்கரை மாதம் ஆற்றில் மணல் தெரியும் காலம். சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, வயலின் எஞ்சிய ஈரத்தில் உளுந்தும் பயறும் தாமே விளையும் அந்நாட்களில் ஊர் ஓய்ந்திருக்கும். திண்ணையிலும் சாவடியிலும் குளக்கரை மரத்தடியிலும் பாய் விரித்துச் சீட்டாடியது அக்காலத்தில்தான். நடுவே வெற்றிலைத் தட்டும் கூஜாவும் இருக்கும்; சுற்றி நிற்போர் ஆடுவோரைவிட மிகுதியாகப் பேசுவர்.

ஆனால் அந்தத் திண்ணை எல்லார்க்கும் பொதுவாக இருந்ததன்று. ஓய்வு என்பது நிலமுடையோரின் சொல். உழைப்போருக்கு வேலையில்லாத நாள் கூலியில்லாத நாள். பண்ணையாளுக்கும் குத்தகையாளருக்கும் காப்பளிக்கத் தஞ்சை மாவட்டத்துக்கெனத் தனிச் சட்டமே 1952இல் இயற்ற வேண்டியிருந்தது. பெண்களுக்கும் திண்ணையில் இடமில்லை. அவர்கள் கூடத்தில் பல்லாங்குழியும் தாயமும் ஆடினர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடினர். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு சேர்ந்து 'கழுதை' ஆடி, அதிலிருந்து புளியங்கொட்டையைப் பணயமாக வைத்து ரம்மிக்கு வந்தவர்கள் பலர். ஆண்கள் ஆடினால் பொழுதுபோக்கு, பெண்கள் ஆடினால் பொறுப்பின்மை என்று பேசிய ஊர்களே மிகுதி.

இக்குறைகளுக்கிடையிலும் திண்ணை ஆட்டத்துக்கு ஓர் எல்லை இருந்தது. ஆடுவோர் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். தோற்றவன் வீட்டு நிலைமை வென்றவனுக்குத் தெரியும். மறுநாள் அதே வாய்க்காலில் இருவரும் தண்ணீர் கட்டியாக வேண்டும். விளக்கு மங்கினால் ஆட்டம் முடியும். வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும் முடியும். இவ்வெல்லையை மீறி நிலத்தையும் நகையையும் இழந்தவர்கள் ஒவ்வொரு ஊரின் பேச்சிலும் உண்டு. ஆயின் அவர்கள் பெரும்பாலும் ரம்மியில் இழந்தாரல்லர். மூன்று சீட்டிலும் மங்காத்தாவிலும் இழந்தவர்கள். நொடியில் முடியும் அவ்வாட்டங்களில் எண்ணிப் பார்க்க இடமில்லை.

காவிரிப் படுகையின் உழவருக்கு ரம்மியின் அறிவு புதிதன்று. தண்ணீர் வருமா என்பது அவர் கையில் இல்லை. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை உரிய நாளில் திறக்கப்படவில்லை. அத்தகைய ஆண்டுகளில் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருப்பதா, 155 நாளுக்கு மேல் வயலில் நிற்கும் சி.ஆர். 1009ஐ விட்டுக் குறுகிய வயதுடைய நெல்லுக்கு மாறுவதா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். ஆடுதுறையில் 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த 110 நாள் ஆடுதுறை 43 போன்ற ரகங்கள் அம்முடிவுக்குத் துணை நின்றன. விருப்பமான ஒன்றை உரிய நேரத்தில் விடுவதே அங்கும் திறமை.

வழக்குமன்றத்தின் நோக்கு

1930ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டம், முழுதும் திறமையைச் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. ரம்மி எப்பக்கம் சேரும் என்பதை உச்சநீதிமன்றம் 1967ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஆராய்ந்து கூறியது. செகந்திராபாத்து நகரின் மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கு அது. ரம்மி மூன்று சீட்டைப் போல முற்றிலும் நல்வாய்ப்பைச் சார்ந்ததன்று. விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதைக் காப்பது, எதை விடுவது என்பதில் திறமை வேண்டும். எனவே அது பெரும்பான்மையும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்பது தீர்ப்பு.

இத்தீர்ப்பின் முற்பகுதியைப் பலரும் எடுத்துரைப்பர், பிற்பகுதியை மறந்துவிடுவர். வேறு வகையில் சூதாட்டம் நிகழ்ந்ததற்குச் சான்று இருந்தாலோ, இடம் தருவோர் பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து ஆதாயம் அடைந்தாலோ குற்றம் நிலைபெறக்கூடும் என்பதையும் அதே தீர்ப்பு சொல்லிவைத்தது. ஆட்டம் எத்தகையது என்பது ஒரு வினா. அதை வைத்துப் பிழைப்பவர் யார் என்பது மற்றொரு வினா. இரண்டாம் வினாவின் கனம் அரை நூற்றாண்டு கழித்தே தெரிந்தது.

கைப்பேசிக்குள் புகுந்த கட்டு

ரம்மி கைப்பேசிக்கு வந்தபோது விதிகள் மாறவில்லை. பதின்மூன்று சீட்டும் ஒரிஜினலும் அப்படியே இருந்தன. மாறியது சூழல். எதிரே முகம் இல்லை. விளக்கு அணைவதில்லை. ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்து அடுத்தது தொடங்கும். பணயத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் நிறுவனத்தைச் சேரும். எழுந்து போகும்படி சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. கடனுக்கு ஆளாகி உயிர் துறந்தோர் செய்திகள் தமிழ்நாட்டு நாளேடுகளில் அடுத்தடுத்து வந்தன.

தமிழ்நாடு இயற்றிய முதல் தடைச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் செல்லாதென்றது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை அளித்தது. அதன்பின் வந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் திறமை ஆட்டமாகிய ரம்மியை அது தடை செய்ய இயலாது என்றது. பின்னர், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்ற விதி வந்தது. 2025 ஜூனில் உயர்நீதிமன்றம் அதனை ஏற்றது. திண்ணையில் விளக்கின் எண்ணெய் செய்த வேலையை அரசாணை செய்ய வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டு 22இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவணரசுச் சட்டமோ திறமையா, நல்வாய்ப்பா என்னும் வேறுபாட்டையே கருதாமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

திறமை உண்டா என்று நீதிமன்றங்கள் நெடுங்காலம் கேட்டன. வள்ளுவர் 'சூது' அதிகாரத்தில் திறமையைப் பற்றிக் கேட்கவில்லை. வென்றவனும் தூண்டிலின் இரையை விழுங்கிய மீனே என்பது அவர் கருத்து. வெற்றியே மனிதனை மீண்டும் களத்துக்கு இழுக்கிறது என்பதை அவர் கண்டிருந்தார். ரம்மியில் திறமை மெய்யாகவே உண்டு. தன் திறமையை நம்புகிறவனுக்கே ஆட்டத்தை விட்டு எழுவது அரிதாகிறது. சீட்டை விடக் கற்றவன் ஆட்டத்தை விடக் கற்காததே இங்கு நேர்ந்த துன்பம்.

நிறைவாக

ரம்மி வெறுக்கத்தக்க ஆட்டமன்று. நினைவையும் பொறுமையையும் வளர்ப்பது. முதியோரையும் பிள்ளைகளையும் ஒரே பாயில் அமர்த்துவது. கையில் வந்ததைக் குறை கூறாமல் அதைக்கொண்டு ஆவன செய்யப் பழக்குவது. புளியங்கொட்டைக்கு மேற்பட்ட பணயம் அதற்குத் தேவையில்லை. அறிந்தவர் நால்வர் வட்டமாக அமர்ந்து, நேரம் குறித்து ஆடும் வரை அது விளையாட்டே.

இவ்வட்டத்தார் செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. சீட்டாட்டச் சொற்கள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. நாகையின் மீனவர் ஒரு சொல்லையும் திருவையாற்று உழவர் வேறொரு சொல்லையும் வழங்கக்கூடும். திண்ணைகள் இடிபட்டு, ஆடியோரும் மறைந்து வருகின்றனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் முதியோரிடம், குறிப்பாகப் பெண்களிடம், கேட்டுச் சொற்களைத் திரட்டினால், ஆடுகளச் சொல்லகராதி ஒன்று உருவாகும். 'கிளாவர்' என்னும் ஒரு சொல்லே நாகைத் துறைமுகம் வரை அழைத்துச் செல்லுமாயின், இன்னும் எத்தனை சொற்கள் எத்தனை வழிகளைக் காட்டுமோ? அடுத்த பத்தாண்டின் பணிகளுள் இதுவும் ஒன்றாகட்டும்.